எட்டு டாலர் காலத்து ஐரோப்பா

எட்டு டாலர். 1960-களில் இந்தியாவிலிருந்து வெளிநாடு கிளம்பிய பல பேர் சட்டப்படி கையில் கொண்டுபோன பணம் அவ்வளவுதான். கூடுதலாக வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கிக்குக் காரணம் எழுத வேண்டும். ‘ஊர் சுற்றிப் பார்க்க’ என்று எழுதினால் எடுபடாது. 1957-58-ல் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துபோனபோது பிடித்த பிடி அது. விமான டிக்கெட் வாங்குவதற்கே ‘பி ஃபாரம்’ என்ற ஒன்றுக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டில் எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று பெயர் எழுதிக் கொடுப்பார்கள். வாங்கிய செலாவணிக்குக் கணக்கு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் வங்கி முத்திரையோடு ஏறும்.

நான் 1976-ல் சுவிட்சர்லாந்து போனபோது இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆனால் 1973-ல் கொண்டுவந்த ஃபெரா என்கிற அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் புதுச் சாட்டையாகக் கையில் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு வங்கியில் போய் உட்கார்ந்தால், எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதுக்குப் போறீங்?” என்பார். “டிரெயினிங்” என்றால் முகம் கொஞ்சம் இளகும்.

எங்கள் ஊரான துடியலூரிலிருந்து ஒருத்தன் ஐரோப்பா போவானேன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அப்போது மேட்டுப்பாளையம் ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரம், மரத்துக்கு அந்தப் பக்கம் சோளக்காடும் பருத்திக்காடும். ஆனால் அந்தப் பருத்தியை நூற்கிற மில்கள் எல்லாம் ஐரோப்பிய இயந்திரத்தில் ஓடின. கோயமுத்தூரின் முதல் நூற்பாலை 1888-ல் வெள்ளைக்காரர் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் வந்ததிலிருந்து, ஒரு பல்சக்கரம் தேய்ந்தால்கூட மான்செஸ்டர் பக்கம் கடிதம் எழுத வேண்டும். அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஐரோப்பா என்றால் ஈஃபில் கோபுரத்துக்கு முன்னால் இயந்திரம்தான் ஞாபகம் வரும். ஜி.டி.நாயுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கல் கிராமத்தில் பிறந்து, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் ஓட்டி ஆரம்பித்த மனிதர் 1930-களில் ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றினார். கையில் கேமரா; கண் மட்டும் பட்டறைகளின் மேல்.

1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது இந்தப் பாதை துடியலூர் வாசலுக்கே வந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில் நூற்பு இயந்திரம் செய்ய, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்திலிருக்கும் ரீட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம். ரீட்டர் 1795-ல் ஆரம்பித்த கம்பெனி. நம் பக்கம் தீரன் சின்னமலை வெள்ளைக்காரனோடு மோதிக்கொண்டிருந்த காலத்தது. இந்தத் தொடர்பால் எங்கள் வட்டாரத்து டிப்ளமோ படித்த பையன்கள் வின்டர்தூர் போய் வர ஒரு வழி பிறந்தது. அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தன்.

வீட்டில் நடந்த கூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமா தன்னுடைய கோட்டைக் கொடுத்தார், அது தோளில் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர், “ஏனுங், பிளேனு மேல போறப்ப காது அடைக்குமாமா?” என்று கேட்டுவிட்டு, நான் திரும்பி வந்த அன்றைக்கும் முதல் கேள்வியாக அதையே கேட்டார். அம்மாவுக்கு ஒரே கவலை: “அந்தூர்ல சோத்துக்கு என்ன பண்ணுவே சாமி?” பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஈரோட்டு மஞ்சள்தூள், சாம்பார்ப்பொடி எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் அடைத்து, வாயில் துணி கட்டி, பெட்டியில் ஏறின. பம்பாய் வரை ரயில். அங்கிருந்து சுவிஸ்ஏர். எனக்கு முந்திய தலைமுறை கப்பலில் போனது. பம்பாயில் ஏறி, ஏடன், சூயஸ் வழியாகக் கரை சேர வாரக்கணக்கில் ஆகும். போகிற வழியிலேயே பாதி உலகம் பழகிவிடும் என்பார்கள். நாங்கள் ஒரே ராத்திரியில் போய் இறங்கினோம்.

வின்டர்தூர் பெரிய நகரமில்லை. ஜூரிக்கிலிருந்து ரயிலில் அரை மணிக்கும் குறைவு. டோஸ் என்ற ஆற்றின் பெயரிலேயே ஒரு பகுதி, அங்கேதான் ஆலை. முதல் நாள் என்னைப் பிடித்து நிறுத்தியது இயந்திரம் இல்லை, ஒரு சுவர். ஸ்பேனர், சுத்தி, அரம் எல்லாவற்றுக்கும் அதனதன் உருவத்தைச் சுவர்ப்பலகையில் கறுப்பில் வரைந்து, அதன் மேலே ஒரு ஆணி. சாயங்காலம் எந்த நிழலின் மேல் சாமான் இல்லையோ அது தொலைந்த சாமான். யாரையும் கேட்க வேண்டாம், கத்த வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் ஷிஃப்ட் முழுக்கச் சண்டை நடக்கும். திரும்பி வந்ததும் இங்கே நான் செய்த முதல் காரியம் அந்தப் பலகைதான்.

ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்தைப் பூட்டுகிற இடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி சுவிஸ்காரர். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இத்தாலியர்கள். இது எனக்குப் புதுச் செய்தி. பணக்கார நாட்டிலும் கூலிக்கு வந்தவர்கள் இருப்பார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அப்படி வந்தவர்களில் பலருக்கு ஒன்பது மாத அனுமதிச்சீட்டு. குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது. ஒன்பது மாதம் முடிந்தால் ஊருக்குப் போய்விட்டு மறுபடி வர வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கையை வெட்ட வேண்டுமென்று 1970-ல் நாடு தழுவிய வாக்கெடுப்பே நடத்தியிருந்தார்கள். தோற்றது, ஆனால் 46 சதவீதம் பேர் வெட்டத்தான் வேண்டும் என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் எண்ணெய் நெருக்கடி வந்து பலரை ஊருக்கே அனுப்பிவிட்டது. மிச்சமிருந்தவர்கள்தான் என் சிநேகிதர்கள். அரிசி தின்கிறவர்கள், மிளகாய்க்குப் பயப்படாதவர்கள், வீட்டுக் கடிதத்தை மதிய இடைவேளையில் இரண்டு தரம் படிக்கிறவர்கள்.

கான்டீனில் ஒருநாள் ‘இன்றைக்கு உங்கள் நாட்டுச் சாப்பாடு’ என்று சொல்லி என் தட்டில் ஒன்றை வைத்தார்கள். பெயர் ‘ரிஸ் காசிமிர்’. சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, நடுவில் குழி செய்து, மஞ்சளாகப் பால்குழம்பில் கறித்துண்டு ஊற்றி, மேலே வதக்கிய வாழைப்பழம், அன்னாசித்துண்டு, செர்ரிப்பழம். சுவிஸ் ஓட்டல் முதலாளி ஒருவர் 1952-ல் கண்டுபிடித்த பதார்த்தம், காஷ்மீர் என்ற பெயரை நினைத்து வைத்தது. அந்த நாடு முழுக்க அதை இந்தியச் சாப்பாடு என்று நம்பியது. எதிரே உட்கார்ந்திருந்த இத்தாலியர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. சைவக்காரர்கள் பாடு வேறு. ஜூரிக்கில் ஹில்டில் என்று 1898-லிருந்து ஒரு சைவ உணவகம் உண்டு. அந்தக் குடும்பத்து அம்மையார் 1950-களில் டெல்லியில் நடந்த உலக சைவ மாநாட்டுக்கு வந்து, மசாலாப் பொருளெல்லாம் வாங்கிப் போய்ச் சமைக்க ஆரம்பித்திருந்தார். கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்த முகவரி மனப்பாடம்.

நான் தங்கியது ஒரு விதவை அம்மையாரின் வீட்டு மாடியறையில். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு ஜெர்மன் அதைவிடக் கொஞ்சம். மேஜை மேல் அகராதி எப்போதும் திறந்தே இருக்கும். வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. துணி துவைக்க இன்ன கிழமைதான், சாவி அன்றைக்குத்தான் கைக்கு வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் குளிக்கக் கூடாது, குழாய்ச் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் எடுத்து ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஆனால் சமையலறையை எனக்குத் திறந்துவிட்டார். மிக்ரோ கடையில் இத்தாலியர்களுக்காக விற்கிற குண்டரிசியும் பழுப்புப் பருப்பும் வாங்கி வந்து, அம்மாவின் மஞ்சளும் பொடியும் போட்டு ஒருநாள் அரிசிம்பருப்பு ஆக்கினேன். குழைந்துபோய்விட்டது, இருந்தாலும் வாசனை வந்தது. அவருடைய வெள்ளை எனாமல் பாத்திரத்தின் விளிம்பு, மரக்கரண்டி, மேஜைத்துணியில் ஒரு விரலடையாளம் மூன்றும் மஞ்சள். மறுநாள் காலை அந்த அம்மையார் துணியைச் சோடா உப்பில் ஊறவைத்துத் தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்கச் சோப்புப் பட்ட இடம் சிவப்பாகிறது. பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெயிலில் போடுங்கள், போய்விடும் என்று சைகையில் சொன்னேன். அக்டோபர் மாதத்து வின்டர்தூரில் வெயிலுக்கு எங்கே போவது!

ஒரு சாயங்காலம் இந்திரா காந்தியைப் பற்றிக் கேட்டார். உங்கள் நாட்டில் பெண் பிரதமராமே, ஆண்கள் சொன்ன பேச்சுக் கேட்கிறார்களா என்று. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த சமயம்; எல்லாரும் நன்றாகவே கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன். பிறகு அவராகவே சொன்னார்: சுவிட்சர்லாந்தின் தேசியத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1971-ல்தான். அறுபது வயதுக்குப் பக்கத்தில் முதல் ஓட்டுப் போட்டிருக்கிறார். கைநாட்டு வைக்கிற என் அம்மா 1952-லேயே ஓட்டுப் போட்டவள். இதை அகராதி புரட்டிச் சொல்லி முடித்தபோது அந்த அம்மையார் எழுந்து போய் இரண்டு சின்னக் கண்ணாடிக் குவளையில் செர்ரிச் சாராயம் ஊற்றிக்கொண்டு வந்தார். என் அம்மா பேரைச் சொல்லிக் குடித்தோம். இதை நான் வீட்டுக்குப் போட்ட ஏரோகிராம் கடிதத்தில் எழுதவில்லை.

சனி ஞாயிறு ஊர் சுற்றல். ஒரு ஃபிராங்க் அப்போது மூன்றரை ரூபாய் சொச்சம். இன்றைக்கு நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்போதும் எனக்கு அது பெரிய பணம். ரொட்டியும் சீஸும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினால் போகிற இடத்தில் செலவு இல்லை. ஜூரிக் போகும் பாதையில் கெம்ப்டால் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். ஜன்னல் மூடியிருந்தாலும் பெட்டிக்குள் சூப்பு வாசனை புகுந்துவிடும். மேகி கம்பெனி அங்கேதான் பிறந்தது. ஜூலியஸ் மேகி என்பவர் அப்பாவின் மாவுமில்லை எடுத்து நடத்தி, 1880-களில் சூப்புப் பொடி செய்ய ஆரம்பித்த ஊர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு நிமிட நூடுல்ஸ் என்று குதிக்க இன்னும் ஆறேழு வருஷம் இருந்தது. அதனால் எனக்கு அந்தப் பெயர் அப்போது ஒரு வாசனை மட்டும்தான்.

ஸ்டேஷன் கடிகாரமும் ஒரு வேடிக்கை. வினாடி முள் சிவப்பு, நுனியில் வட்டத் தட்டு. ஒரு சுற்று வந்து பன்னிரண்டில் நின்றுவிடும். ஒன்றரை வினாடி மூச்சுப் பிடித்து, நிமிஷ முள் ஒரு துள்ளல் துள்ளியதும் மறுபடி ஓடும். நாடு முழுக்க எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட, மத்தியக் கடிகாரத்திலிருந்து வருகிற மின்சாரத் துடிப்புக்கு அது காத்திருக்கிறது. மில் சங்கை நம்பிக் காலம் தள்ளிய எனக்கு, ரயிலை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தோன்றும்.

ரைன் அருவிக்கு வின்டர்தூரிலிருந்து நேர் ரயில். லாஃபன் கோட்டை என்ற ஸ்டேஷனில் இறங்கிப் படியில் கீழே போனால் அருவி முகத்திலேயே அடிக்கும். உயரம் 23 மீட்டர்தான், சிறுவாணிக் கோவைக் குற்றாலத்தைப் பார்த்தவனுக்கு உயரம் பெரிதில்லை. ஆனால் 150 மீட்டர் அகலத்துக்கு ஒரு ஆறே விழுகிறது. நான் போன நாள் தூறல். மேடையில் நானும், பேரனோடு வந்த ஒரு கிழவரும். கிழவர் என்னிடம் எந்த நாடு என்றார். சொன்னேன். பேரனிடம் ஏதோ பேசினார், அந்தப் பொடியன் வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனான். இந்தியனை முதல் தடவை பார்க்கிறானாம்.

இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லும்போதுதான் கேட்கிறவர்கள், ‘ஆஹா, அந்தக் காலம்!’ என்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கூட்டம் அப்போதே இருந்தது. தாமஸ் குக் 1863-லேயே ஆங்கிலேயர்களைக் கும்பலாக சுவிட்சர்லாந்துக்கு அழைத்து வந்தவர். லூசெர்னில் கூரை போட்ட மரப்பாலத்தில் நான் நடந்தபோது முன்னால் அமெரிக்கக் கிழவிகள், பின்னால் கொடி பிடித்த வழிகாட்டியோடு ஜப்பானியர்கள். அந்த ஜப்பானியர்களுக்கும் நம்மைப் போலவே பூட்டு இருந்தது. 1964-ல்தான் சுற்றுலாவுக்காக வெளிநாடு போகலாம் என்று அவர்கள் அரசு திறந்துவிட்டது, அதுவும் ஆளுக்கு 500 டாலர் என்ற வரம்போடு. திறந்த சில வருஷத்தில் வரிசை கட்டி வந்துவிட்டார்கள். கூட்டமில்லாத ஐரோப்பா என்று நாம் ஏங்குவது, நம்மைப் போன்றவர்களை உள்ளே விடாத ஐரோப்பாவுக்குத்தான். பையன் என் கையைக் குலுக்கியதற்கும் ரிசர்வ் வங்கியின் பி ஃபாரத்துக்கும் சம்பந்தம் உண்டு.

அந்த மரப்பாலத்தின் கூரைக்கடியில் முக்கோண வடிவில் பழைய ஓவியங்கள் வரிசையாகத் தொங்கும். 1993 ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி பாலம் எரிந்து, பெரும்பாலான ஓவியங்கள் போய்விட்டன. அடுத்த வருஷமே பாலத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது போகிறவர்கள் நடப்பது பெரும்பகுதி புது மரத்தில். நான் அண்ணாந்து பார்த்தது பழசை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நம் ஊரில் மற்றவர்கள் ஐரோப்பாவைப் பார்த்தது எழுத்திலும் திரையிலும். ஏ.கே.செட்டியார் ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய காலத்திலிருந்து தமிழில் பயணக் கட்டுரைக்கு ஒரு கூட்டம் உண்டு. காந்தி படத்துக்காகக் கண்டம் கண்டமாகத் துண்டுப்படம் தேடி அலைந்தவர் அவர். ஆனந்த விகடனில் மணியன் ‘இதயம் பேசுகிறது’ என்று எழுதினால் வாரம் தவறாமல் படித்தோம். 1969-ல் ‘சிவந்த மண்’ வந்தபோது ஸ்ரீதர் சிவாஜியை ஐரோப்பாவுக்கே கூட்டிப்போய்ப் படம் எடுத்திருக்கிறார் என்று டிக்கெட்டுக்கு அடிதடி. கதை யாருக்கு வேண்டும், பின்னாலிருக்கிற மலையைப் பார் என்று எங்கள் மாமா தியேட்டரில் சத்தமாகச் சொன்னார்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1991-ல் பொருளாதாரம் திறந்தது, 2000-ல் ஃபெரா போய் ஃபெமா வந்தது. 2004-ல் ஒரு ஆள் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை கேள்வியில்லாமல் எடுத்துப்போகலாம் என்றார்கள். இன்று அந்த வரம்பு இரண்டரை லட்சம் டாலர். என் எட்டு டாலர் அண்ணன்மார் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். உலகம் முழுக்க 1950-ல் எல்லை தாண்டிச் சுற்றுலா போனவர்கள் இரண்டரைக் கோடி. 2019-ல் 146 கோடி. யூங்ஃபிராவ் மலை ரயிலில் மட்டும் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர் ஏறுகிறார்கள். வெனிஸ் நகரம் 2024-லிருந்து கூட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. கொரியத் தொடர் ஒன்றில் வந்த ஏரிக்கரைப் பலகை மேடையில் நின்று போட்டோ எடுக்க, நானூறு பேர் குடியிருக்கிற இஸெல்ட்வால்ட் கிராமம் ஐந்து ஃபிராங்க் கேட்கிறது.

எனக்குப் பெரிய மாற்றமாகப் பட்டது வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை ஜூரிக் போனேன். ஸ்டேஷனில் நின்று, அந்தச் சிவப்பு முள் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் யாரோ யாழ்ப்பாணத் தமிழில் பிள்ளையை அதட்டுகிறார்கள். 1983-க்குப் பிறகு அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழர்கள் ஓட்டல் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவி ஆரம்பித்து, இன்று பல்லாயிரக்கணக்கில் அந்த நாட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள். ஜூரிக் பக்கம் அட்லிஸ்வீலில் முருகன் கோயில், கிளாட்புரூக்கில் சிவன் கோயில். முருங்கைக்கீரை கட்டுக் கட்டாகக் கடையில் கிடைக்கிறது. எங்கள் துடியலூர் வடமதுரையில் விருந்தீஸ்வரர் கோயில் உண்டு. சுந்தரருக்குச் சிவனும் பார்வதியும் முருங்கைக்கீரை ஆக்கிப்போட்டார்கள் என்பது தல புராணம். அந்தக் கீரையை ஜூரிக்கில் பார்த்தபோது, ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சள்தூள் சுமந்தவனுக்கு வயிற்றெரிச்சலே வந்தது.

போன வருஷம் என் தங்கச்சி குரூப் டூரில் ஐரோப்பா போய் வந்தாள். எங்கேயும் ஒரு ராத்திரிக்கு மேல் இல்லை. பஸ், மலை, சாக்லேட் கடை, பஸ். கூடவே சமையல்காரர், ராத்திரி தயிர்சாதம். டிட்லிஸ் மலைமேல் ஷாருக்கான்-கஜோல் அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை வீட்டுக்கு வீடு காட்டினாள். நான் அந்த மலைக்குப் போனபோது கேபிள் காரில் என்னோடு பனிச்சறுக்குக் கட்டை தூக்கிய இரண்டு பேர். இப்போது அது சுற்றிக்கொண்டே ஏறுகிற கார், 1992-ல் போட்டது. யார் பார்த்தது நல்ல சுவிட்சர்லாந்து என்று எங்களுக்குள் வாக்குவாதம். “நீ பார்த்தே, சரிங்ணா. அண்ணியை ஏன் கூட்டிட்டுப் போகலே?” என்று ஒரே போடு போட்டாள்.

கூட்டிப்போயிருக்க முடியாது. பெண்டாட்டிக்கு டிக்கெட் எடுக்கப் பணமில்லை; இருந்திருந்தாலும் அவளுக்கு எந்தக் கணக்கில் செலாவணி கேட்பது? இத்தாலியர்களுக்கு சுவிஸ் அரசு போட்ட தடையை எனக்கு நம் அரசே போட்டிருந்தது. அவள் இங்கே கைக்குழந்தையோடு பத்து நாள் பழைய ஏரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றபின் நான் போன அந்தத் தடவையும் ஏதோ கல்யாணம் குறுக்கே வந்து அவள் வரவில்லை.

தங்கச்சி போன பிறகு பெண்டாட்டியிடம் கேட்டேன், வர்ற மே மாசம் நாமும் போவோமா என்று. “இப்பப் போயி என்னத்துக்குங்? அந்தக் குளிருக்கு என்ற முட்டி தாங்காது. ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க, போதும்” என்றாள். ஊட்டிக்குப் போகிற வண்டியெல்லாம் எங்கள் வாசலில்தான் போகிறது. புளியமரங்களை வெட்டி அகலப்படுத்திய ரோட்டில், சனிக்கிழமை காலையில் துடியலூர் சிக்னலைத் தாண்டுவதற்குள் காப்பி ஆறிவிடும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்குப் போக இ-பாஸ் வேண்டும். அதற்கடுத்த வருஷம் சீசனில் நாளுக்கு ஆறாயிரம் வண்டி, வார இறுதியில் எட்டாயிரம் என்று வரம்பும் போட்டார்கள். விண்ணப்பத்தில் வருகிற காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். ‘சுற்றுலா’ என்று போடச் சொல்லிப் பேரனிடம் போனைக் கொடுத்திருக்கிறேன்.